கட்டமா, கேள்விக்குறியா, வட்டமா?

வீட்டில் ஒருத்தருக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும் என்று பெயர் கிளம்பிவிட்டால் போதும், சொந்தபந்தத்தில் யாருடைய திரை மக்கர் பண்ணினாலும் போன் அவருக்குத்தான் வரும். எங்கள் பக்கத்தில் அந்த ஆள் நான். வருகிற புகார்கள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, "எழுத்து என்னமோ மாதிரி வருதுப்பா." இன்னொன்று, "சுத்திக்கிட்டே இருக்கு, வரவே மாட்டேங்குது."

இரண்டுக்கும் ஊர் முழுக்க ஒரே வைத்தியம்தான் புழக்கத்தில் இருக்கிறது. கேஷை, அதாவது பிரவுசர் சேர்த்து வைத்திருக்கும் பழைய பக்கங்களை அழி, ரீஸ்டார்ட் பண்ணு. காய்ச்சலா, கால்வலியா என்று கேட்காமலே பாராசிட்டமாலை நீட்டுகிற மாதிரி. சில சமயம் கேட்டுவிடும், ஏன் கேட்டது என்று யாருக்கும் தெரியாது. தமிழ் எழுத்து உடைந்திருக்கிற விஷயத்தில் மட்டும் இந்த வைத்தியம் அநேகமாகப் பலிப்பதே இல்லை. அதனால் நான் எதையும் அழிக்கச் சொல்வதற்கு முன்னால் திரையை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். எழுத்து எந்த உருவத்தில் உடைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டால், எந்த இடத்தில் உடைந்தது என்பது பாதி தெரிந்துவிடும்.

வெறும் கட்டம் கட்டமாக வந்தால் பயமே வேண்டாம். எழுத்து பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது, அதை வரைந்து காட்ட அந்தக் கருவியில் எழுத்துரு (ஃபாண்ட்) இல்லை, அவ்வளவுதான். இன்றைக்கு இது அபூர்வம். விண்டோஸ் 2000இல் லதா எழுத்துரு கூடவே வந்தது. ஆனால் எக்ஸ்பியில் எழுத்துரு இருந்தாலும் சிக்கலான எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதியைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. கண்ட்ரோல் பேனலுக்குள் போய், மொழிகள் பகுதியில், தாய்லாந்து மொழியையும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளையும் பற்றிப் பேசுகிற ஒரு பெட்டியில் டிக் அடிக்க வேண்டும். அடித்ததும் அது எக்ஸ்பி சிடியைக் கேட்கும். பிரவுசிங் சென்டரில் சிடிக்கு எங்கே போவது? கடைக்காரரிடம் கேட்டால், "அதெல்லாம் இல்ல சார், இங்கிலீஷ்ல பாருங்க" என்பார். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்த பக்கங்களை அப்படியே மனசுக்குள் கோத்துப் படித்த தலைமுறை அது.

அதற்குப் பிறகு செல்போனில் அதே கட்டம் திரும்பி வந்தது. 2010 வாக்கில் கையில் இருந்த பெரும்பாலான போன்களில் தமிழ் கிடையாது. அப்போது காதோடு காதாகப் பரவிய ஒரு வித்தை உண்டு. ஓபரா மினி என்ற செல்போன் பிரவுசரின் முகவரிப் பட்டையில் ஓபரா, முக்காற்புள்ளி, கன்ஃபிக் என்று அடித்தால் ஒரு ரகசியப் பக்கம் திறக்கும். அதன் கடைசிப் பகுதியில், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டவா என்று கேட்கும் ஒரு வரி. அதில் ஆம் என்று மாற்றிவிட்டால், பக்கத்தை எங்கோ இருக்கும் ஓபராவின் சர்வரே வரைந்து, எழுத்துகளைப் படமாக்கி அனுப்பிவிடும். எழுத்துகள் பார்க்கச் சுமார்தான், காப்பி செய்ய முடியாது. ஆனாலும் பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு சாதாரண நோக்கியாவில் தமிழ் படித்தோம் என்றால் அதற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

கட்டத்துக்கு அடுத்தது, நான் அதிகம் பார்ப்பது: தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ, அதை ஒட்டி வட்டத்துக்குள் ஆர். சோப்பு உறைகளில் பிராண்டு பெயரின் ஓரத்தில் இருக்குமே, அந்தப் பதிவுக் குறி. மறுபடி சின்ன ஏ, மறுபடி வட்ட ஆர், நடுநடுவே மேலே ஒரு சின்னக் கோடு. பக்கம் முழுக்க இதே ஜோடி திரும்பத் திரும்ப வந்தால், அது சந்தேகமே இல்லாமல் நல்ல தமிழ். தப்பான கண்ணாடி போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் அதைப் படிக்கிறது.

காரணம் ரொம்ப எளிமை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. இணையத்தில் அது பயணம் செய்வது யூடிஎஃப்-8 என்ற முறையில். அந்த முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். (பைட் என்பது கம்ப்யூட்டர் சேமிக்கும் ஒரு சின்ன அலகு.) 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள், ஆக 15 பைட். எல்லாத் தமிழ்க் குறிக்கும் முதல் பைட் ஒன்றுதான். இரண்டாவது பைட் இரண்டே வகை: உயிர், மெய் வரிசை, கால், இகரக் கொக்கி வரைக்கும் ஒன்று, ஈகாரத்தில் தொடங்கிப் புள்ளி வரையிலும் அதற்கு அப்பாலும் மற்றொன்று. மூன்றாவது பைட்தான் எது எந்த எழுத்து என்று சொல்கிறது. இதை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துக்கொண்டு பைட் பைட்டாகப் படித்தால் முதல் பைட் சாய்கோட்டு ஏ, இரண்டாவது வட்ட ஆர் அல்லது மேல்கோடு. அந்த அலுப்பூட்டும் ஜோடி வருவது இப்படித்தான்.

இதைச் சரிசெய்யும் இடம் இப்போது பிரவுசரில் பெரும்பாலும் இல்லை. ஒரு காலத்தில் வியூ மெனுவில் என்கோடிங் என்று நீளமான பட்டியல் இருக்கும், அதில் யூனிகோடைத் தேர்ந்தால் முடிந்தது. குரோம் அந்தப் பட்டியலையே தூக்கிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2021இல் பட்டியலை எடுத்துவிட்டு, எழுத்துக் குறியாக்கத்தைப் பழுதுபார் என்று ஒற்றைக் கட்டளையாகச் சுருக்கிவிட்டது. பக்கத்தைச் செய்தவர்தான் முதல் 1024 பைட்டுக்குள் இது யூடிஎஃப்-8 என்று எழுதிவைக்க வேண்டும். அந்த ஒரு வரிக்கு மேலே நீளமான விளம்பரக் குறிப்பை ஒட்டி, வரியைக் கீழே தள்ளிவிட்டவர்களும் உண்டு.

பிரவுசரை விடுங்கள். இன்றைக்கு இந்தச் சாய்கோட்டு ஏ அதிகம் முளைக்கும் இடம் எக்செல். பழைய மாணவர் சங்கத்துக்காகக் கூகுள் ஃபார்மில் பெயர், ஊர் எல்லாம் தமிழில் வாங்கினார்கள். அதைச் சிஎஸ்வி கோப்பாக, அதாவது அட்டவணையை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் கோப்பாக இறக்கி, பொருளாளர் தன் கம்ப்யூட்டரில் இரட்டைக் கிளிக்கில் திறந்தார். பெயர்ப் பத்தி முழுக்கச் சாய்கோட்டு ஏ. இது வரைக்கும் ஒரு சேதமும் இல்லை. புதிய காலி எக்செல் கோப்பைத் திறந்து, டேட்டா பகுதியில் போய் அந்தக் கோப்பை உள்ளே இழுத்து, கோப்பின் மூலம் என்று கேட்கிற இடத்தில் 65001 என்ற எண் போட்ட யூனிகோடைத் தேர்ந்தால் அத்தனை பெயரும் வந்துவிடும்.

பொருளாளர் நல்ல மனிதர், பொறுமைசாலி. வந்ததை அப்படியே விடாமல், சாய்கோட்டு ஏ இருந்த இடமெல்லாம் பெயர்களைப் பார்த்துப் பார்த்து மறுபடி தமிழில் தட்டினார். வரிசை எண் போட்டார். ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து முடித்து, சிஎஸ்வியாகவே சேமித்துக் குரூப்பில் போட்டார். காலையில் நான் திறந்தால் பெயர்ப் பத்தி முழுக்கக் கேள்விக்குறி. ஒரு எழுத்து பாக்கியில்லை.

"தம்பி, ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

"நீங்க பாத்தது சரிதான் சார். சேவ் பண்ணும்போது போயிருக்கு."

"இந்தக் கேள்விக்குறியை மறுபடி எழுத்தாக்க முடியாதா?"

முடியாது. கேள்விக்குறி மட்டும்தான் நான் உண்மையிலேயே பயப்படுகிற உருவம். எக்செலில் சிஎஸ்வி என்று இரண்டு வகை உண்டு. பெயரில் யூடிஎஃப்-8 சேர்ந்திருப்பது ஒன்று, வெறும் சிஎஸ்வி இன்னொன்று. வெறும் சிஎஸ்வி நம் ஊர்க் கம்ப்யூட்டர்களில் பழைய ஐரோப்பிய எழுத்துத் தொகுதியில் சேமிக்கிறது. அதில் 'க' இல்லை, 'ம' இல்லை. இல்லாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டுப் போய்விடுகிறது. மாறுவேஷம் போட்ட எழுத்தல்ல அது, நிஜமாகவே கேள்விக்குறி. 'முருகன்' இருந்த இடத்திலும் 'செல்வி' இருந்த இடத்திலும் ஒரே குறி என்றால் எதை வைத்து மீட்பது? நல்லவேளை, கூகுள் ஃபார்மில் மூலம் அப்படியே இருந்தது.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: உடைந்த எழுத்தைப் பார்த்ததும் எதையும் சேமிக்காதீர்கள். சாய்கோட்டு ஏ மறுபடி தமிழாகத் திரும்பி வரும். அதைச் சேமித்துவிட்டால், சில மென்பொருள்கள் அந்த உடைந்த எழுத்தையே மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கி உள்ளே தள்ளிவிடும், அப்போது தலையில் நெளிகோடு போட்ட பெரிய ஏ முளைக்கும். அதுவும் வரும், இரண்டு படி பின்னால் போக வேண்டும், அவ்வளவே. கேள்விக்குறி வராது.

நடுவில் ஒரு வகை இருக்கிறது. கறுப்பு வைரத்துக்குள் வெள்ளைக் கேள்விக்குறி. பாராவின் கடைசி எழுத்தாக மட்டும் இது வந்தால், எங்கோ ஓர் இடத்தில் நீளம் போதாமல் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய மைஎஸ்க்யூஎல் தரவுத்தளங்களில் இது சகஜம். 2018இல் 8.0 பதிப்பு வரும் வரைக்கும் அதன் இயல்பான எழுத்துத் தொகுதி லத்தீன், வரிசைப்படுத்தும் முறையோ ஸ்வீடன் நாட்டு முறை. அதை முதலில் செய்த கம்பெனி அந்த நாட்டில் தொடங்கியது. 255 எழுத்து இடம் என்று நம்பித் தமிழைப் பைட்டாக உள்ளே போட்டால் 85 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். கொஞ்சம் தள்ளி வெட்டினால் ஒரு குறியின் மூன்று பைட்டில் ஒன்றோ இரண்டோ மட்டும் மிஞ்சும். அந்த அரைகுறைக்குத்தான் வைரம்.

இனி இன்னொரு ஜாதி. இதில் எந்தக் குறியும் உடைந்திருக்காது, எல்லாம் சுத்தமான ஆங்கில எழுத்து. ஆனால் சொல்லாக எதுவும் இருக்காது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் கனடாவில் இருக்கிறார். அவருடைய அப்பா காலமானபோது அடித்த நினைவு மலரை மறுபடி அச்சிட வேண்டும் என்று பழைய வேர்ட் கோப்பை அனுப்பினார்.

"அண்ணை, திறந்தால் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாக் கிடக்குது. வைரஸ் ஏதும் பிடிச்சிட்டுதோ?"

ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. முதல் பக்கத்தில் அந்த ஐந்தையும் சேர்ந்தாற்போலப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பாமினி. அந்த எழுத்துருவில் ஜே இருக்கும் இடத்தில் 'த', கே இடத்தில் 'ம', பி இடத்தில் இகரக் கொக்கி, ஓ இடத்தில் 'ழ', அரைப்புள்ளி இடத்தில் புள்ளி வரைந்து வைத்திருப்பார்கள். கோப்பைப் பொறுத்தவரை அது ஆங்கிலம், கண்ணுக்கு மட்டும் தமிழ். ஈழத்திலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் பல வருஷங்கள் கோலோச்சிய எழுத்துரு அது. கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், சங்கத்து யாப்பு எல்லாம் அதில்தான் கிடக்கின்றன.

எழுத்துருவை நிறுவி, முழுவதையும் தேர்ந்து, பாமினி என்று மாற்றினேன். அப்பாவின் பெயர் திரையில் வந்தது. படித்து மட்டும் பார்க்க இது போதும். அச்சகத்துக்கும் இணையத்துக்கும் யூனிகோடாக மாற்ற வேண்டும், மாற்றித் தருகிற கருவிகள் இணையத்திலேயே உண்டு. அதில் ஒரு பொறி இருக்கிறது: மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. நடுவில் உண்மையான ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியையும் மருமகன் வேலை பார்த்த கம்பெனிப் பெயரையும் சேர்த்துத் தமிழாக்கி, வாயில் நுழையாத ஏதோ ஒன்றாகக் கொடுத்துவிட்டது. அவற்றை முன்கூட்டியே தனியே எடுத்து வைப்பது நல்லது.

தமிழ்நாட்டில் பாமினிக்குப் பதிலாக வானவில், ஸ்ரீலிபி என்று வேறு வேறு பெயர்கள், வேறு வேறு இடவரிசைகள். இந்தக் கூச்சலை அடக்கத்தான் 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி டாம், டாப் என்று தரம் வகுத்தார்கள். இணையத்தில் இருந்தவர்கள் தங்களுக்குள் பேசி டிஸ்கி என்ற இன்னொரு தரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். யூனிகோடு வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. ஆனால் கோப்புகள் அந்தந்தக் காலத்திலேயே நிற்கின்றன. டிடிபி சென்டர்களில் இன்றும் பழைய வேலை கைக்கு வந்தால் முதல் கேள்வி, "என்ன ஃபாண்ட்டுண்ணே?" என்பதுதான்.

பிடிஎஃப்பில் இருந்து காப்பி செய்தவர்களுக்குப் புள்ளி வட்டம் பழக்கமாக இருக்கும். 'கோவில்' என்பது 'ேகாவில்' என்று வந்து விழும், முன்னால் அந்தரத்தில் நிற்கும் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தோடு. யூனிகோடில் கொம்பு எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது, திரையில்தான் முன்னால் வருகிறது. பிடிஎஃப் பல சமயம் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே உருவங்களை வைத்திருக்கும். சார்ந்து நிற்க மெய்யெழுத்து இல்லாத குறியைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் ஒரு வெற்று வட்டத்தை வைத்து, இங்கே ஒரு எழுத்து வேண்டும் என்கிறது. இதைக் கையால் திருத்துவதைவிட அந்தப் பக்கத்தைப் படமாக்கி, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் போடுவது பல சமயம் சீக்கிரம் முடியும். கூகுள் டிரைவ் செய்கிற ஓசிஆர் தமிழுக்குப் பரவாயில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கோளாறுகள். என்னைக் கேட்டால் ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாததுதான். 'கௌதம்' என்று எழுதுகிறேன். 'கெளதம்' என்றும் எழுதுகிறேன். உங்கள் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா? பல எழுத்துருக்களில் தெரியாது. முதலாவதில் க, அதன் மேல் ஔகாரக் குறி. இரண்டாவதில் கெ, அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்து ள. தட்டச்சு இயந்திரத்தில் கொம்பு, க, ள என்று அடித்துப் பழகிய கை யூனிகோடிலும் அப்படியே அடிக்கிறது. மனிதன் படிப்பான், கம்ப்யூட்டர் 'கெ-ள-தம்' என்றுதான் படிக்கும். தேடினால் கிடைக்காது. அகர வரிசையில் போட்டால் ஒருவர் ஒரு பக்கம், இன்னொருவர் வேறு பக்கம். 'ஔவை'யும் 'ஒளவை'யும் இதே கதை. 'ஸ்ரீ'யில் இன்னொரு கூத்து: 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் 'ஶ' சேர்ந்த பிறகு, சில விசைப்பலகைகள் அதை வைத்தும் சில பழைய 'ஸ'வை வைத்தும் ஸ்ரீயை அடிக்கின்றன. உருவம் ஒன்று, உள்ளே வேறு. அந்தப் பழைய மாணவர் பட்டியலில் பெயரைக் காணோம் என்று சண்டைக்கு வந்தவர்களில் கௌசல்யாவும் ஸ்ரீதரும் இருந்தது தற்செயல் இல்லை.

சரி, சுற்றிக்கொண்டே இருக்கிற கதைக்கு வருவோம். இதில் எனக்கு அவ்வளவு சுவாரசியம் கிடையாது, ஏனென்றால் பெரும்பாலும் ஒரு கேள்வியில் முடிந்துவிடும்: வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் போட்டால் வருகிறதா? வந்தால் வீட்டு இணைப்பில் கோளாறு. இன்காக்னிட்டோவில் மட்டும் வந்தால் பழைய கேஷோ, ஏதாவது எக்ஸ்டென்ஷனோ காரணம். அங்கே மட்டும்தான் அந்தப் பாராசிட்டமால் செல்லுபடி. பக்கம் வந்து அலங்காரம் இல்லாமல் நீல இணைப்புகளாக வரிசை கட்டி நின்றால் ஸ்டைல் கோப்பு வரவில்லை, கண்ட்ரோலையும் எஃப்5ஐயும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எல்லாம் வந்து எழுத்து மட்டும் சில நொடி வெற்றிடமாக இருந்து பிறகு பளிச்சென்று வந்தால், அந்தத் தளத்துக்காரர் அழகான தமிழ் எழுத்துரு ஒன்றைத் தன் சர்வரிலிருந்து அனுப்பிக்கொண்டிருக்கிறார். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதற்காக மூன்று நொடி வரைக்கும் எழுத்தை மறைத்து வைத்துக் காத்திருக்கும். வரும் வரை கையில் இருக்கிற எழுத்துருவைக் காட்டு என்று தளத்துக்காரர் ஒரு சொல் எழுதியிருந்தால் அந்தக் காத்திருப்பே தேவையில்லை. வேகமான இணைப்பில் உட்கார்ந்து வடிவமைப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

ஒரே ஒரு வகை மட்டும் அலைய வைக்கும். ஊரில் சித்தப்பா வீட்டு டெஸ்க்டாப். எந்தத் தளத்தைத் திறந்தாலும் உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்ற எச்சரிக்கை, அதே வீட்டில் சித்தியின் போனில் எல்லாம் ஜம்மென்று திறக்கிறது. சர்வீஸ் ஆள் வந்து விண்டோஸையே மறுபடி போட்டுக் காசு வாங்கிப் போயிருக்கிறார், மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

"சித்தப்பா, திரைக்குக் கீழே வலது மூலையில தேதி என்ன போட்டிருக்கு?"

"இரு, கண்ணாடி எடுத்துட்டு வரேன். ஒண்ணு, ஒண்ணு... இது ஏதோ பழைய வருஷமால்ல இருக்கு?"

தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கம்ப்யூட்டரின் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விட்டால், எந்தச் சான்றிதழும் இன்னும் தொடங்கவே இல்லை என்று பிரவுசர் முடிவு கட்டிவிடும். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். 2021 செப்டம்பர் 30ஆம் தேதி, தளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. அன்றைக்குத் தேதி எல்லாம் சரியாக இருந்தும், அப்டேட் ஆகாத பழைய கருவிகள் பலவற்றில் தளங்கள் திறக்க மறுத்தன.

சித்தப்பா கேஸில் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தது. மின்சாரம் போகும்போதெல்லாம் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும், எங்கள் ஊரில் மின்சாரம் தினமும் போகும். சிஆர்2032 என்று எண் சொல்லி வாட்ச் கடையில் வாங்கச் சொன்னேன். மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடச் சொன்னேன். பழைய பேட்டரி எந்தப் பக்கம் மேலே பார்த்து இருந்ததோ அதே மாதிரி புதியதை வைக்க வேண்டும், அதனால் கழற்றுவதற்கு முன்பே அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.